அப்பாவின் செயற்கை ரத்தக் குழாயில் கிருமி வந்தபோது

காலுக்கு ரத்தம் போவதற்காகச் செயற்கைக் குழாய் வைத்துக்கொண்டவர் உங்கள் வீட்டில் இருந்தால், அந்தத் தழும்பு இருக்கும் இடத்தில் சின்னதாக ஒரு பரு வந்து நீர் கசிந்தால் கூட அதைத் தோல் சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே இருக்கும் குழாயிலிருந்துதான் வருகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள், இல்லை என்று ஸ்கேன் சொல்லும் வரை. என் அப்பாவுக்கு இது வந்து, பெரிய ஆபரேஷன் நடந்து, இப்போது தேறி நடமாடுகிறார். அந்தச் சமயத்தில் தமிழில் விவரமாகப் படிக்க எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. ரவுண்ட்ஸ் வந்த டாக்டர்கள் சொன்னதையும், நர்ஸ் அக்காக்கள் சொன்னதையும் நோட்டில் எழுதி வைத்து, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துத்தான் புரிந்துகொண்டேன். அதனால் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா தையல்காரர். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் கடை. இளவயதிலிருந்தே பீடி, அப்புறம் சர்க்கரையும் சேர்ந்துகொண்டது. கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், நின்றால் சரியாகிவிடும், மறுபடி நடந்தால் மறுபடி பிடிக்கும். மெஷின் மிதிப்பதாலதான் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார். கால் விரல் நுனி கறுக்க ஆரம்பித்த பிறகு பார்த்ததில், வயிற்றுக்குள் பெரிய ரத்தக் குழாய் இரண்டாகப் பிரிகிற இடத்திலேயே அடைப்பு. மேலே ஒரு குழாய், கீழே இரண்டு கிளை என்று இருக்கும் ஒரு செயற்கைக் குழாயை வைத்து, வயிற்றில் ஒரு முனையையும் இரண்டு தொடை இடுக்கிலும் ஒவ்வொரு கிளையையும் இணைத்தார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் மாதிரிக்கு ஒரு துண்டைக் காட்டினார். அப்பா அதை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, “இது டெரிலின் நூலு தானே சார்?” என்றார். டாக்டரும், “ஆமாங்க ஐயா, பாலியஸ்டர்தான், நாங்க டேக்ரான்னு சொல்லுவோம்” என்றார்.

அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் மைக்கேல் டிபேக்கி என்ற அறுவை மருத்துவர் 1950களில் இந்தத் துணிக் குழாயைச் செய்து பார்த்த கதை அப்பாவுக்கு ரொம்பப் பிடிக்கும். நைலான் துணி வாங்கக் கடைக்குப் போனாராம், நைலான் இல்லை, டேக்ரான்தான் இருக்கிறது என்றார்களாம், அதை வாங்கிக்கொண்டு வந்து மனைவியின் தையல் மெஷினில் அவரே குழாயாகத் தைத்தாராம். சின்ன வயதில் அம்மாவிடம் தையல் கற்றவர் அவர். பல லட்சம் பேருடைய கால்களையும் உயிரையும் காப்பாற்றிய துணி அது. அதைக் குறை சொல்ல நான் எழுதவில்லை.

ஆனால் துணி துணிதான். அதற்குள் உயிருள்ள ரத்த நாளங்கள் ஓடுவதில்லை. ஒரு கிருமி போய் அதன் இழையில் ஒட்டிக்கொண்டால், தண்ணீர்த் தொட்டியில் பாசி படிகிற மாதிரி தன்னைச் சுற்றி வழுவழுப்பாக ஒரு படலத்தை உண்டாக்கிக்கொண்டு அதற்குள் உட்கார்ந்துவிடும். நாம் போடும் ஊசி மருந்து அந்தப் படலத்தைத் தாண்டி உள்ளே போய் முழுசாகக் கொல்வது மிகவும் கஷ்டம். மருந்து போட்டால் வெளியே காய்ந்துவிடும், நிறுத்தினால் திரும்ப வரும். இதுதான் இந்த நோயின் சுபாவம். இந்த மாதிரிக் குழாய் வைத்தவர்களில் நூற்றுக்கு 1 முதல் 6 பேர் வரை இது வரலாம் என்று சொல்கிறார்கள். அதிலும் தொடை இடுக்கில் இணைத்த குழாய்க்குத்தான் அதிகம். அங்கே குழாய் தோலுக்கு ரொம்பக் கிட்டத்தில் இருக்கிறது, வியர்வை தங்கும் இடம், நிணநீர் முடிச்சுகள் நிறைய இருப்பதால் நீர் கட்டும், சிறுநீர், மலம் கழிக்கும் இடமும் பக்கத்திலேயே. நம்ம ஊர்ப் புழுக்கத்தைச் சொல்லவே வேண்டாம்.

ஆபரேஷன் முடிந்து 4 மாதத்துக்குள் வந்தால் சீக்கிரம் வந்த தொற்று, அதற்குப் பிறகு வந்தால் தாமதமாக வந்த தொற்று என்று டாக்டர்கள் பிரிக்கிறார்கள். சீக்கிரம் வருவது காய்ச்சல், சீழ், சிவப்பு என்று ஆர்ப்பாட்டமாக வரும். தாமதமாக வருவதில் பல நேரம் காய்ச்சலே இருக்காது. அப்பாவுக்கு வருஷம் தாண்டி வந்தது. வலது தொடை இடுக்கில் தழும்பின் மேல் ஒரு பரு, அதில் ஒரு சொட்டு தண்ணீர் மாதிரி. நன்றாகச் சாப்பிட்டார், கடைக்குப் போனார். பக்கத்து கிளினிக்கில் வேனல் கட்டி என்று மாத்திரை கொடுத்தார்கள், காய்ந்தது. அப்புறம் அதே இடத்தில் மறுபடி கசிந்தது. மறுபடி மாத்திரை. மூன்றாவது தடவை சின்னதாகக் கீறிவிட்டால் சரியாகிவிடும் என்று சொன்னபோது, அம்மாதான் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து நீட்டி, “உள்ள கொழா வச்சிருக்குது சார், இங்க கத்தி வைக்க வேணாம், நாங்க பாண்டிக்கே போயிக்கிறோம்” என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

அம்மா சொன்னது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. குழாயும் நம்முடைய ரத்த நாளமும் சேர்கிற தையலைக் கிருமி அரித்துவிட்டால் அந்த இடத்தில் ரத்தம் பை மாதிரி உப்பிக்கொள்ளும். வெளியே பார்க்கச் சீழ்க் கட்டி போலவே இருக்கும், கையை வைத்தால் நாடித் துடிப்பு தெரியும். அதைச் சீழ் என்று நினைத்துக் கீறினால் ரத்தத்தை நிறுத்த முடியாது. ஆகவே கீற வேண்டாம், அழுத்திப் பிதுக்க வேண்டாம், பற்றுப் போட்டுப் பழுக்க வைக்க வேண்டாம். இன்னொன்று, திடீரென்று கொஞ்சம் ரத்தம் வந்து தானாகவே நின்றுவிட்டால் நிம்மதி அடையாதீர்கள், பெரிய ரத்தப்போக்குக்கு முன்னால் வரும் எச்சரிக்கையாக அது இருக்கலாம். சுத்தமான துணியை மடித்து வைத்து, உள்ளங்கையால் நேராக அந்த இடத்தின் மேல் அழுத்திப் பிடியுங்கள், நின்றதா என்று எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்தியபடியே 108-ல் ஏற்றுங்கள்.

பாண்டியில் ரத்தநாள அறுவை டாக்டர் இருக்கும் மருத்துவமனையில் முதலில் செய்தது, ஓடிக்கொண்டிருந்த மாத்திரையை நிறுத்தியது. எனக்குப் பகீரென்றது. காய்ச்சலும் நடுக்கமும் இல்லாத நோயாளி என்பதால் அவசரம் இல்லை, மருந்து உள்ளே இருந்தால் கல்ச்சரில் (எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்க லேபில் வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) கிருமி வளராமல் போய்விடும், எந்தக் கிருமி என்று தெரியாமல் மாதக்கணக்கில் மருந்து கொடுப்பது குருட்டு வைத்தியம் என்று விளக்கினார்கள். (காய்ச்சல், குளிர், ரத்த அழுத்தக் குறைவு என்று வருகிறவருக்கு இப்படிக் காத்திருக்க மாட்டார்கள், ரத்தம் எடுத்த கையோடு மருந்து ஏற்றிவிடுவார்கள்.) மேலே கசியும் நீரைப் பஞ்சில் தொட்டு எடுத்த ரிப்போர்ட்டை முழுசாக நம்ப முடியாது, தோலில் இருக்கும் கிருமியும் அதில் வளரும், ஆபரேஷனில் எடுக்கும் குழாய்த் துண்டிலும் உள் சதையிலும் வளர்வதுதான் கணக்கு என்றும் சொன்னார்கள்.

அடுத்தது சி.டி. ஆஞ்சியோ, அதாவது சாய மருந்து ஏற்றி ரத்தக் குழாய்களைப் படம் எடுக்கும் ஸ்கேன். ஆபரேஷன் முடிந்த புதிதில் குழாயைச் சுற்றிக் கொஞ்சம் நீரும் காற்றும் தெரிவது சகஜம். மாதங்கள் கடந்த பிறகும் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். அப்பாவுக்கு வலது கிளையின் கீழ்ப் பகுதியைச் சுற்றி நீர் இருந்தது, வயிற்றுப் பகுதியும் இடது கிளையும் சுத்தமாகத் தெரிந்தன. எங்களுக்குக் கிடைத்த பெரிய அதிர்ஷ்டம் இதுதான். மேலே வரை பரவியிருந்தால் முழுக் குழாயையும் எடுத்தாக வேண்டும், அது வேறு அளவிலான ஆபரேஷன். சி.டி.யில் தெளிவில்லாவிட்டால் பெட் சி.டி. என்ற இன்னொரு வகை ஸ்கேன் எடுப்பார்கள். சாய மருந்து ஏற்றுவதற்கு முன் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்க வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் அதை எப்போது நிறுத்துவது, எப்போது திரும்பத் தொடங்குவது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

என்ன செய்யப் போகிறார்கள் என்று டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். எனக்கு அதில் விளங்கியது, இது ஒரு ஆபரேஷன் இல்லை, இரண்டு வேலை என்பதுதான். கெட்டுப்போன குழாயை எடுக்க வேண்டும். எடுத்தால் காலுக்கு ரத்தம் நின்றுவிடும், ஆகவே வேறு வழியில் ரத்தம் கொண்டுபோக வேண்டும். அந்த வேறு வழி எது என்பதில்தான் நோயாளிக்கு நோயாளி மாறுகிறது. சிலருக்குக் கெட்ட குழாயை எடுத்துவிட்டு அதே இடத்திலேயே புதிதாக வைக்கிறார்கள். ரிஃபாம்பிசின் மருந்தில் ஊறவைத்த துணிக் குழாய், மாட்டு இதய உறையில் செய்த குழாய், இறந்தவரிடமிருந்து தானமாகப் பெற்றுப் பதப்படுத்திய ரத்த நாளம் என்று பல வகை உண்டு. முழுக் குழாயும் கெட்டுப்போனவர்களுக்கு அவர்களுடைய தொடையின் ஆழத்தில் இருக்கும் பெரிய சிரையையே (இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் நாளம்) எடுத்து வயிற்றில் வைத்துத் தைக்கும் முறையும் இருக்கிறது, டல்லாஸில் கிளாகெட் என்பவரும் அவர் குழுவினரும் 1993-ல் அதைப் பற்றி எழுதினார்கள். சொந்தச் சிரைக்குக் கிருமியை எதிர்க்கும் சக்தி அதிகம், ஆனால் ஆபரேஷன் பல மணி நேரம் இழுக்கும். இல்லையென்றால் தோள்பட்டைக்குக் கீழிருந்து விலாப் பக்கமாகத் தோலுக்கு அடியில் குழாய் இறக்கி காலுக்குக் கொண்டுபோவார்கள். உடம்பு தாங்காது என்று தோன்றும் வயதானவர்களுக்குக் குழாயை அப்படியே விட்டுவிட்டு ஆயுள் முழுக்க மாத்திரையில் வைத்திருப்பதும் உண்டு, அது நோயைத் தீர்ப்பதில்லை, அடக்கி வைப்பது மட்டும்தான் என்று நேராகவே சொன்னார்கள்.

அப்பாவுக்கு முடிவு செய்தது, கெட்டுப்போன தொடை இடுக்கைத் தொடாமல் சுற்றிப் போகும் வழி. இடுப்பெலும்பில் கீழ்ப் பக்கம் இயற்கையாகவே ஒரு பெரிய துவாரம் உண்டு. அதை மூடியிருக்கும் சவ்வைத் துளைத்து, தொடையின் உள் தசைகளுக்கு நடுவே புதுக் குழாயைக் கொண்டுபோய் முழங்காலுக்குச் சற்று மேலே இணைப்பார்கள். 1963-ல் ஷா, பாவ் என்ற இரண்டு மருத்துவர்கள் எழுதிய முறை, இன்றும் செய்கிறார்கள். அப்பாவுக்கு அந்தப் புதுக் குழாய்க்கு இடது காலில் இருந்த அவருடைய சொந்தச் சிரையையே எடுக்கலாம் என்று முன்கூட்டியே அல்ட்ராசவுண்ட் வைத்து, பேனாவால் காலில் கோடு போட்டு வைத்தார்கள். இங்கே ஒரு விஷயம், அப்படிக் குறித்த காலில் டிரிப்ஸ் ஊசி குத்த விடாதீர்கள். இரவுப் பணிக்குப் புதிதாக வருகிறவர்களுக்குத் தெரியாமல் போகலாம், கூட இருப்பவர்தான் பணிவாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஆபரேஷனில் வரிசை ரொம்ப முக்கியம். சுத்தமான இடங்கள் முதலில். வலது அடிவயிற்றின் பக்கவாட்டில் திறந்து, குழாயின் மேல் பகுதியைப் பார்த்தார்கள். நல்ல குழாய் என்றால் சுற்றியுள்ள சதை அதை இறுகப் பிடித்திருக்கும், பிரித்தெடுக்கவே சிரமப்படும். கிருமி வந்த இடத்தில் குழாய் வழுவழுவென்று நீரில் மிதந்துகொண்டிருக்கும். மேலே இறுகலாக இருந்ததால் அந்த இடத்தில் கிளையை வெட்டி, சிரையை இணைத்து, துவாரம் வழியாக முழங்கால் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்து, காலுக்கு ரத்தம் ஓடுவதை உறுதி செய்துகொண்டு, அந்த இரண்டு காயத்தையும் தைத்து பிளாஸ்டர் போட்டு முழுசாக மூடிவிட்டார்கள். அப்புறம் கையுறை, துணி, கருவி எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டுதான் தொடை இடுக்கைத் திறந்தார்கள். கெட்ட துண்டைக் கீழ்ப் பக்கமாக உருவி எடுத்து, ரத்த நாளத்தில் இருந்த ஓட்டையைச் சிரைத் துண்டால் ஒட்டுப் போட்டு மூடி, அழுகின சதையை எல்லாம் சுத்தம் பண்ணி, தொடையில் சாய்வாக ஓடும் சார்ட்டோரியஸ் என்ற தசையைத் திருப்பிக் கொண்டுவந்து அதன் மேல் மூடினார்கள். ரத்த ஓட்டம் உள்ள உயிர்ச் சதை மேலே இருந்தால்தான் மருந்தும் வந்து சேரும், புண்ணும் ஆறும். தோலை முழுக்கத் தைக்காமல் பஞ்சு வைத்து, காற்றை உறிஞ்சும் மெஷினை மாட்டி விட்டார்கள். அந்த மெஷின் அலாரம் அடித்தால் பிளாஸ்டர் எங்கேயோ விட்டிருக்கிறது என்று அர்த்தம், உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். உறிஞ்சும் குழாயில் திடீரென்று சிவப்பாக ரத்தம் வந்தாலும் அப்படியே, அதில் ஒரு நிமிஷம் கூடத் தாமதம் கூடாது.

கையெழுத்து வாங்கும்போது காலை எடுக்க வேண்டி வரலாம், உயிருக்கும் ஆபத்து உண்டு என்று வாசித்தார்கள். அம்மா அழுதுவிட்டார். பயமுறுத்துவதற்காகச் சொல்வதில்லை, உண்மையிலேயே ஆபத்தான ஆபரேஷன்தான் இது. செய்யாமல் விட்டால் ஆபத்து இன்னும் பெரியது, அதை வைத்துத்தான் நாங்கள் முடிவெடுத்தோம். அப்பா மட்டும் நிதானமாக, “கெட்டுப்போன துணிய வச்சுத் தைக்க முடியாதும்மா, வெட்டித்தான் ஆவணும்” என்றார்.

கல்ச்சரில் தோலில் சாதாரணமாக இருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் வகைக் கிருமி வந்தது. தாமதமாக, காய்ச்சலில்லாமல் வரும் தொற்றுக்குப் பெரும்பாலும் இந்த வகைதான் காரணமாம். வேன்கோமைசின் டிரிப்ஸ் வாரக்கணக்கில் ஓடியது. அதை மெதுவாக ஏற்ற வேண்டும், குறைந்தது ஒரு மணி நேரமாவது. சீக்கிரம் முடியட்டும் என்று சக்கரத்தைத் திருகி வேகமாக விட்டால் முகம், கழுத்தெல்லாம் சிவந்து அரிப்பு எடுக்கும். சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து என்பதால் கிரியாட்டினின் அடிக்கடி பார்ப்பார்கள். அப்புறம் மாதக்கணக்கில் மாத்திரை, அதில் ஒன்று ரிஃபாம்பிசின். படலத்துக்குள் போய் வேலை செய்யக்கூடியது என்பதால் கொடுக்கிறார்கள், ஆனால் தனியாகக் கொடுத்தால் கிருமி சீக்கிரம் அதற்குப் பழகிவிடும், அதனால் இன்னொரு மருந்தோடு சேர்த்துத்தான். ஒன்று தீர்ந்துபோய்விட்டது என்று மற்றதை மட்டும் விழுங்கிக்கொண்டிருக்கக் கூடாது.

ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், வியர்வையும் கண்ணீரும் கூட. வெள்ளை வேட்டியில் கறை படும். ரத்தம் என்று பயப்பட வேண்டாம். டி.பி.க்குக் கொடுக்கும் மாத்திரை என்பதால் தெருவில் ஒருவர் பார்த்துவிட்டு டி.பி.யா என்று கேட்டு, பேச்சு பரவி, கடைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். எனக்கு மனசு ரொம்ப வேதனைப்பட்டது. டி.பி. வந்தவர்களையும் அப்படி நடத்தக் கூடாது என்பது தனி, ஆனால் விவரம் கேட்காமல் பேசுகிறவர்களுக்குப் பதில் சொல்லியே அம்மா ஓய்ந்துபோனார். இந்த மாத்திரை வேறு மருந்துகளின் வேலையையும் மாற்றும். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்தின் பலத்தைக் குறைத்துவிடும், சில சர்க்கரை மாத்திரைகளையும் அப்படியே. அப்பாவுக்குச் சர்க்கரை ஏறியது, இன்சுலின் அளவைக் கூட்டினார்கள். ஆகவே சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள், பெயர் ஞாபகம் இல்லை, வெள்ளை மாத்திரை என்று சொல்லிப் பிரயோஜனமில்லை.

செலவு விஷயம். கடலூரிலிருந்து பாண்டி பக்கம்தான், முள்ளோடை தாண்டினால் வந்துவிடும், ஆனால் அது வேறு அரசாங்கம். நம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை நீங்கள் போகும் மருத்துவமனையில் செல்லுமா, இந்த ஆபரேஷனுக்குச் செல்லுமா என்று சேரும் முன்பே காப்பீட்டு கவுண்டரில் கேளுங்கள். அனுமதி வர நேரம் எடுக்கும், ஸ்கேன் எடுத்த கையோடு விண்ணப்பியுங்கள். ரத்தம் பல யூனிட் தேவைப்படும், தம்பியின் நண்பர்கள் கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்து கொடுத்தார்கள். அவர்களை நாங்கள் மறக்க மாட்டோம்.

வார்டில் நான் கற்றுக்கொண்டதில் மிகவும் உபயோகமானது காலைப் பார்ப்பது. பாதத்தில் நாடி கிடைக்கும் இடத்தை டாக்டர் பேனாவால் புள்ளி வைத்துக் கொடுத்தார். இரண்டு பாதத்தையும் ஒரே நேரத்தில் தொட்டுப் பார்த்தால் ஒன்று சில்லிட்டிருப்பது உடனே தெரியும். வெளுத்துப் போவது, மரத்துப் போவது, விரலை அசைக்க முடியாமல் போவது, தாங்க முடியாத வலி, இவற்றில் எது வந்தாலும் விடியும் வரை காத்திருக்காதீர்கள். சூடாக இருக்கட்டும் என்று வெந்நீர்ப் பை வைக்கவே வைக்காதீர்கள், சர்க்கரை உள்ளவருக்கு உணர்ச்சி இல்லாமல் தோல் வெந்துவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு தொடை இடுக்கு ஈரமில்லாமல் இருக்க வேண்டும். குளித்தவுடன் ஒற்றி எடுத்துத் துடைத்து, தளர்வான பருத்தி உள்ளாடை. பவுடர் கொட்டாதீர்கள். படர்தாமரை வந்தால் உடனே வைத்தியம், சொறிந்து புண்ணாக்கினால் மறுபடி வழி திறந்துவிடும். கால் விரலிடுக்குப் புண்ணும் அப்படித்தான். பீடியை அப்பா விட்டுவிட்டார். விடாமல் இந்த ஆபரேஷனுக்குப் பலன் இல்லை என்று டாக்டர் சொன்னார், கடைக்கு முன்னால் யார் புகைத்தாலும் இப்போது அப்பாவே எழுந்துபோய்ப் பேசுகிறார். பல் பிடுங்குவது, சிறுநீர்க் குழாய் போடுவது என்று எதுவானாலும் உள்ளே குழாய் இருப்பதை முதலில் சொல்லுங்கள். எந்த வகைக் குழாய், எங்கிருந்து எங்கே, எந்தத் தேதி, எந்தக் கிருமி, எந்த மருந்து கேட்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை, எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, ஒரு நகல் அப்பாவின் பர்ஸில், ஒன்று என் போனில் படமாக. டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது, ஆபரேஷன் நோட்ஸ் நகலும் கல்ச்சர் ரிப்போர்ட்டும் கேட்டு வாங்குங்கள்.

அப்பாவின் வயிற்றில் பழைய குழாயின் மேல் பகுதியும் இடது கிளையும் இன்னும் இருக்கின்றன. அதனால் குறிப்பிட்ட இடைவெளியில் ஸ்கேனும், உடம்புக்குள் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சி.ஆர்.பி., இ.எஸ்.ஆர். ரத்தப் பரிசோதனைகளும் தொடர்கின்றன. இனி நாங்கள் கவனிப்பது காரணம் தெரியாத காய்ச்சல், முதுகு வலி, எடை குறைவது, இடது தொடை இடுக்கில் வீக்கம். இதற்கெல்லாம் மேல் ஒன்று: வயிற்றில் இப்படிக் குழாய் உள்ளவர் ரத்த வாந்தி எடுத்தாலோ, மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலோ, அல்சர் என்று மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். குழாய் குடலை அரித்திருக்கலாம். வயிற்றில் செயற்கை ரத்தக் குழாய் இருக்கிறது என்று வாசலிலேயே சொல்லி, ரத்தநாள அறுவை டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள், நடு இரவாக இருந்தாலும்.